ஓரிகன் பாதை: கணினி விளையாட்டா, கதைப்புத்தகமா, சாக்பீஸா?

அமெரிக்காவில் பிள்ளைகள் நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு வந்தால் ஓரிகன் பாதைப் பாடம் பெரும்பாலும் வந்துவிடும். மேற்கே குடியேறப் போனவர்கள் சென்ற வழி அது: மிசௌரியின் இண்டிபெண்டன்ஸ் ஊரில் கிளம்பி ஓரிகன் வரை ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர், கூண்டு வண்டியோடு நான்கிலிருந்து ஆறு மாதம். 1840களில் சூடுபிடித்த இந்தப் பயணம், 1869இல் கண்டத்தைக் கடக்கும் ரயில் பாதை வந்த பிறகு மெல்ல ஓய்ந்தது. எங்கள் மகள் இந்தப் பாடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மூன்று வழிகளை முயன்று பார்த்தோம்: பழைய கணினி விளையாட்டு, பேர்போன ஒரு நாவல், அப்புறம் காரேஜ் தரையில் சாக்பீஸ்.

விளையாட்டு 1971இல் மினியாபொலிஸில் பிறந்தது. ஆசிரியர் பயிற்சியில் இருந்த மூன்று இளைஞர்கள் எழுதியது. அப்போது திரை கிடையாது. டெலிடைப் இயந்திரம் காகிதத்தில் அடித்துத் தரும். பிற்பாடு அவர்களில் ஒருவரான டான் ராவிட்ச், பயணிகளின் நாட்குறிப்புகளைப் படித்து, எந்த ஆபத்து எங்கே எவ்வளவு அடிக்கடி வரவேண்டும் என்று திருத்தினார். பலருக்கு நினைவிருப்பது 1985இன் ஆப்பிள் பதிப்பு. அதில் பாஸ்டன் வங்கிக்காரராகக் கிளம்பினால் கையில் 1,600 டாலர், இல்லினாய் விவசாயி என்றால் 400 தான். காசு இருந்தால் பிழைப்பது எளிது என்பதை ஒரு வார்த்தை சொல்லாமலே பிள்ளை கற்றுக்கொள்கிறது. இந்த ஒன்றுக்காகவே விளையாட்டுக்கு நல்ல மதிப்பெண் கொடுப்பேன்.

ஆனால் அதில் யாரும் நடப்பதில்லை. பொத்தானைத் தட்டினால் மைல் ஓடிவிடுகிறது. நிஜத்தில் வண்டிக்கு அதிர்வைத் தாங்கும் வில் கிடையாது, உள்ளே சாமான் அடைத்துக் கிடக்கும். அதனால் பெரும்பாலானோர் பக்கத்திலேயே நடந்தார்கள், பிள்ளைகள் உட்பட. நாளுக்குச் சுமார் 25 கிலோமீட்டர். மாடு ஓட்டுபவரும் நம்மூர் வண்டிக்காரர் மாதிரி ஏறி உட்காரவில்லை. கயிறு பிடிக்காமல், மாடுகளுக்கு இடப்பக்கம் நடந்தபடியே ஓட்டினார். இன்னொரு குறை வேட்டை. எங்கள் மகள் இரண்டு மணி நேரம் விளையாடியதில் ஒன்றரை மணி நேரம் காட்டெருமை சுட்டாள்.

சாக்பீஸுக்குச் செலவே இல்லை. மூன்று மீட்டர் நீளம், ஒன்றேகால் மீட்டர் அகலத்துக்குத் தரையில் கட்டம் போடுங்கள், வண்டி அவ்வளவுதான். 1845இல் வந்த ஒரு வழிகாட்டி நூலில் லான்ஸ்ஃபோர்டு ஹேஸ்டிங்ஸ் தரும் கணக்கு, ஆள் ஒன்றுக்கு 200 பவுண்டு மாவு, 150 பவுண்டு பன்றி உப்புக்கண்டம், 20 பவுண்டு சர்க்கரை, காபியும் உப்பும் பத்துப் பத்து பவுண்டு. இந்தியக் கடையில் வாங்கும் 20 பவுண்டு அரிசிப் பையை நடுவில் வைத்து, மாவு மட்டுமே ஆளுக்கு இப்படிப் பத்துப் பை என்றேன். நான்கு பேருக்கு மொத்தச் சாப்பாடு 700 கிலோவைத் தாண்டுகிறது. வண்டி தாங்குவதோ சுமார் ஒரு டன். மிச்சம் 300 கிலோவுக்குள் படுக்கை, துணி, ஏர், கோடரி, துப்பாக்கி, வாணலி எல்லாம் அடங்க வேண்டும். முதலில் பியானோவை ஏற்றிய எங்கள் மகள், அரை மணியில் தன் பொம்மைப் பெட்டியையும் தானாகவே வெளியே எடுத்து வைத்தாள். அன்றும் அடுப்பும் மேசையும் பாதையோரம் வீசப்பட்டுக் கிடந்தன என்று அப்போது சொன்னால் உறைக்கிறது. (இதே ஹேஸ்டிங்ஸ் சொன்ன குறுக்கு வழியை நம்பித்தான் 1846இல் டானர் குழு என்ற பயணிகள் கூட்டம் சியரா நெவாடா மலைப் பனியில் சிக்கியது. பட்டியலை நம்பலாம், குறுக்கு வழியை நம்ப முடியாது.)

நம் வீடுகளில் இந்த வழிக்கு இன்னொரு வசதி உண்டு. நுகத்தடி, அச்சு, ஆரக்கால், வண்டி மை எல்லாவற்றுக்கும் நம்மிடம் சொல் இருக்கிறது. வறண்ட காற்றில் மரம் சுருங்கிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை கழன்றுவிடும், அதனால் இரவில் சக்கரத்தை ஆற்றில் ஊறப்போட்டார்கள் என்றதும், ஊரிலிருந்து வந்திருந்த என் அப்பாதான் முதலில் தலையாட்டினார். மரமில்லாத சமவெளியில் பிள்ளைகள் காட்டெருமைச் சாணம் பொறுக்கி அடுப்பெரித்ததையும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

நாவல்? லாரா இங்கல்ஸ் வைல்டர் 1935இல் வெளியிட்ட 'லிட்டில் ஹவுஸ் ஆன் தி பிரேரி'. ஆணியில்லாமல் கதவு செய்வது வரை கைவேலைகளை இத்தனை துல்லியமாகச் சொல்லும் சிறுவர் நூல் அரிது. ஆனால் இது ஓரிகன் பாதைக் கதையல்ல. கான்சாஸில் ஓசேஜ் என்ற பூர்வகுடி மக்களின் நிலத்தில் அத்துமீறிக் குடியேறிய குடும்பத்தின் கதை. அங்கே மனிதர்களே இல்லை, இந்தியர்கள் (அதாவது அமெரிக்கப் பூர்வகுடிகள்) மட்டுமே இருந்தார்கள் என்ற பொருளில் முதல் பதிப்பில் ஒரு வரி இருந்தது. 1953இல்தான் 'மனிதர்கள்' என்பதைக் 'குடியேறிகள்' என்று மாற்றினார்கள். பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டிய புத்தகம். பூர்வகுடிகள் வண்டிகளை வளைத்துத் தாக்கும் சினிமாக் காட்சிகளுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். வரலாற்றாசிரியர் ஜான் அன்ரூவின் கணக்கில் 1840 முதல் 1860 வரை பூர்வகுடிகள் கொன்ற பயணிகள் 362 பேர், பயணிகள் கொன்ற பூர்வகுடிகள் 426 பேர். காலராவும் ஆற்றுவெள்ளமும் கைதவறி வெடித்த துப்பாக்கியும் பயணிகளில் கொன்றது இதைவிட மிக அதிகம்.

ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் என் ஓட்டு சாக்பீஸுக்கு. விளையாட்டை அவர்களே தேடிப் போவார்கள். நாவலுக்குப் பதில், 1853இல் ஏழு பிள்ளைகளோடு அயோவாவிலிருந்து கிளம்பிய அமீலியா ஸ்டூவர்ட் நைட்டின் நாட்குறிப்பில் சில பக்கங்கள் படியுங்கள். ஆகஸ்டில் ஒரு நாள் லூசி என்ற மகளை மறந்து விட்டுவிட்டுச் சில மைல் போய்விடுகிறார்கள். பின்னால் வந்த வண்டிகளோடு அவள் வந்து சேரும்வரை யாருக்கும் தெரியவில்லை. கடைசியில், ஓரிகனை அடைந்த சில நாளில் எட்டாவது குழந்தை பிறந்தது என்று எழுதுகிறார். என் மகள் திகைத்துப்போய்ப் பின்னோக்கிப் புரட்டினாள். கர்ப்பம் என்று எங்கும் இல்லை. உடம்பு சரியில்லை என்ற வரிகள்தான் இருந்தன.