ஒழுகும் மொட்டை மாடி: தட்டோடா, பூச்சா?

கூடத்தில் மின்விசிறி மாட்டியிருக்கும் கொக்கியிலிருந்து சொட்டியது. மாடியில் அதற்கு நேர் மேலே ஒரு கீறல்கூட இல்லை. மழைக்காலத்தில் மட்டும் சொட்டியதால், தண்ணீர்த் தொட்டிக் குழாய் காரணமில்லை என்பது தெரிந்தது. கொத்தனார் மாடியை நான்கு பாத்தியாகத் தடுத்து, நாளுக்கு ஒன்றாகத் தண்ணீர் தேக்கினார். மூன்றாம் நாள் சொட்டியது. அந்தப் பாத்தியில் இருந்தது மழைநீர்க் குழாயின் வாய், கொக்கியிலிருந்து 12 அடி தள்ளி! அங்கே இறங்கிய நீர், மாடியில் பதித்திருந்த தட்டோட்டுக்கு (தட்டையான சுட்ட ஓடு) அடியில் செங்கல் ஜல்லிக்குள் ஊர்ந்து, கான்கிரீட்டில் புதைத்த மின்கம்பிக் குழாய்க்குள் புகுந்து கூடத்துக்கு வந்திருக்கிறது.

சரி, இனி என்ன செய்வது? தகரக் கொட்டகையை யோசிக்கவே இல்லை. 2016 வர்தா புயலில் தகரம் பறந்ததைப் பார்த்தவன் நான். கைப்பிடிச் சுவர் வழியாக இறங்கும் நீரையும் அது தடுக்காது.

மறுபடி ‘சுருக்கி’ எனும் செங்கல் ஜல்லித் தளம் போட்டு, அதன் மேல் தட்டோடு பதிக்கலாம். செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து, கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்துப் போட்ட தளங்கள் தலைமுறை தாண்டி நின்றிருக்கின்றன. வீடும் குளுமையாக இருக்கும். வத்தல் காயப்போட, தொட்டிச் செடி வைக்க அதுதான் தோது. ஆனால் அப்படி அடிக்க இன்று ஆள் கிடைப்பது கஷ்டம். 3 அங்குல கனத்துக்குச் சதுர அடிக்குச் சுமார் 13 கிலோ ஏறும். கம்பி துருப்பிடித்த பழைய கூரைக்கு அது பாரம்தான்.

இன்னொரு வழி, தளத்தின் மேல் நீர் புகாத பூச்சு பூசுவது. நான் பூச்சைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் பாரம் இல்லை. அடுத்த முறை ஒழுகினால் இடம் தெரியுமா என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. தட்டோட்டில் நீர் புகும் இடம் ஒன்று, சொட்டும் இடம் வேறு. நடுவில் இருக்கும் ஜல்லி எல்லாவற்றையும் மறைத்துவிடும். பூச்சில் கீறல் விழுந்தால் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியும். அதனால்தான் பழைய ஓட்டின் மேலேயே பூசிவிடலாம் என்றவர்களுக்கு நான் இணங்கவில்லை. கான்கிரீட் வரை பெயர்த்து, குழாய் வாயைச் சுற்றி அடைத்து, சிமெண்டில் வாட்டம் வைத்து, சுவரும் தளமும் சேரும் மூலையை வளைவாகப் பூசி, அங்கே வலைத்துணி ஒட்டி, அப்புறம்தான் வெள்ளை அக்ரிலிக் பூச்சு. ஒரு தடவை நீளவாக்கில், மறு தடவை குறுக்குவாக்கில். சித்திரை வெயிலில் தளம் நன்றாகக் காய்ந்த பிறகே பூசினோம்; ஈரத்தின் மேல் பூசினால் கொப்பளித்து உரியும்.

பூச்சு சாசுவதம் இல்லை. சில வருடங்களுக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும், கனமான சாமானை இழுத்தால் கிழியும். நான் இரண்டு மழைக்காலம்தான் பார்த்திருக்கிறேன். பத்து வருடம் தாங்கும் என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

போன ஐப்பசிக்கு முன் மாடியைக் கூட்டும்போது, குழாய் வாய் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு மயிரிழைக் கீறல் தெரிந்தது. சுரண்டித் துடைத்து, ஒரு துண்டு வலைத்துணி வைத்து, மிச்சமிருந்த பூச்சை இரண்டு முறை தடவினேன். கொத்தனாரைக் கூப்பிடவில்லை. அந்த மழையில் கொக்கி காய்ந்தே இருந்தது.