சந்தூர் அருகே ஒரு மாங்கன்றுப் பண்ணை

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாங்கன்றுக்குப் பெயர்பெற்ற சந்தூருக்கு அருகே, ஒரு குடும்பத்தார் நடத்தும் நாற்றுப்பண்ணையில் பெங்களூரா, செந்தூரா ஒட்டுக்கன்றுகள் வாங்கினேன். கன்றுகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் அதைவிட, வேலையாட்கள் அச்சமின்றிப் பேசியதே என்னைக் கவர்ந்தது. நான் எடுத்துவைத்த கன்று ஒன்றின் ஒட்டுப்பகுதியைத் தடவிப் பார்த்து, "இது இன்னும் சரியாகக் கூடவில்லை, வேறு எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒட்டுக் கட்டும் அம்மா உரிமையாளரின் எதிரிலேயே சொன்னார். அவரும் முகம் சுளிக்காமல் அதை ஒதுக்கி வைத்தார். கூலிக் கணக்கு நோட்டு எவரும் புரட்டிப் பார்க்கும்படி மேசைமேலேயே கிடக்கிறது. பட்டுப்போன கன்றுக்காகக் கூலியில் பிடித்தம் இல்லையாம். பிடித்தால் குறையை மறைக்கத்தானே தோன்றும்! எனினும், உரிமையாளரின் மகன் வெளியே சென்றிருந்தால் விலை சொல்ல ஆளில்லை. இத்தனை நம்பிக்கை வைத்தவர்கள் அந்தப் பொறுப்பையும் வேலையாட்களிடமே விடலாம்.