கணிதப் பாடம்: சார் பிரிவா, மேடம் பிரிவா?

முதல் செமஸ்டர் கணிதம் ஒரு பேராசிரியரிடம் படித்தேன், இரண்டாவது ஒரு பேராசிரியையிடம். மூன்றாவதில் நேரியல் இயற்கணிதத்துக்கு இருவரும் ஆளுக்கொரு பிரிவு எடுத்தார்கள். நான் மேடத்தின் பிரிவில் சேர்ந்தேன்.

இருவருக்கும் பாடம் அத்துப்படி. மதிப்பெண்ணில் இருவருமே கறார். போர்டில் எழுதும் ஒழுங்கில் சார் ஒரு படி மேல்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது சந்தேகம் கேட்பதுதான். சார் யாரிடமும் முகம் சுளித்ததில்லை. ஆனால் வகுப்பு முடிந்ததும் பையன்கள் அவர் மேசையைச் சூழ்ந்துகொள்வார்கள். நான் நோட்டோடு கதவருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடுவேன். கேட்காமல் விட்டது அடுத்த பாடத்தில் வந்து முட்டும். மேடத்திடம் ஒரு நிரூபணத்தில் ‘எனவே’ என்று போட்டு ஒரு படியைத் தாண்டிவிட்டேன். அந்த ‘எனவே’யைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, பக்கத்தில் ‘எப்படி?’ என்று எழுதியிருந்தார். போய்க் கேட்டேன். படிக்கிற காலத்தில் தானும் அங்கேதான் தடுமாறியதாகச் சொல்லிவிட்டு, பேனாவை என்னிடமே கொடுத்தார். அதற்குப் பிறகு கேட்கத் தயங்கியதே இல்லை.

இது என் ஒருத்தியின் கூச்சம் மட்டுமல்ல. அமெரிக்க விமானப்படை அகாடமியில் மாணவர்கள் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க முடியாது, பிரிவுகள் குலுக்கல் முறையில் ஒதுக்கப்படும். அதனால் அங்கே ஒப்பிடுவது நம்பகமானது. காரெல், பேஜ், வெஸ்ட் மூவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கணித, அறிவியல் பாடங்களைப் பெண் ஆசிரியரிடம் படித்த மாணவிகள் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். அதிலும் கணிதத்தில் கெட்டிக்கார மாணவிகளிடம்தான் விளைவு அதிகம். அவர்கள் அறிவியல் துறைகளிலேயே பட்டம் முடிக்கும் வாய்ப்பும் கூடியது. ஆண் மாணவர்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் பையன்கள் நேரம் ஒத்துவரும் பிரிவில் சேரலாம்.

அப்புறம், மாணவர்கள் தரும் மதிப்பீட்டை மட்டும் பார்த்துப் பிரிவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத் தரவை அலசி 2019-இல் வந்த ஆய்வில், பெண் ஆசிரியர்களுக்குக் குறைவான மதிப்பீடே கிடைத்திருந்தது, குறிப்பாக ஆண் மாணவர்களிடமிருந்து. ஆனால் அவர்களிடம் படித்தவர்களின் மதிப்பெண்ணோ படிக்கும் நேரமோ குறையவில்லை. எங்கள் மேடத்துக்கும் ‘ரொம்பக் கடினம்’ என்ற பெயர்தான். அதே அளவு கறாரான சாரை ‘பெரிய அறிவாளி’ என்பார்கள். எனக்கு அது இன்றும் உறுத்துகிறது.

நான் சொல்வது இரண்டே ஆசிரியர்களை வைத்து, அதுவும் கணிதத்தில். இலக்கியம், வரலாறு என்றால் இதே முடிவைச் சொல்லமாட்டேன். அந்த அகாடமி ஆய்விலும் இப்படிப்பட்ட கலைப் பாடங்களில் ஆசிரியர் ஆணா பெண்ணா என்பது பெரிதாக எதையும் மாற்றவில்லை.