டிஸ்கை கடையறதா, மாத்தறதா? பழைய டபிள்யூ123 முன்சக்கரத்தை வச்சு ஒரு அலசல்

பிரேக்ல கால் வச்சா ஸ்டீயரிங் உதறுது, பெடல் கால்ல துடிக்குது, டிஸ்கை (சக்கரத்தோட சேந்து சுத்துற இரும்புத் தட்டு, பிரேக் பேட் கவ்வுறது இதைத்தான்) லேத்துல கொடுத்து கடையலாமா புதுசு வாங்கிடலாமான்னு பழைய பென்ஸ் டபிள்யூ123 வச்சிருக்கறவங்க அடிக்கடி கேக்குறாங்க. என்கிட்ட இருக்கறது அந்த வரிசையில 1982 மாடல் 240டி, உப்புத்தாள்ல ஆரம்பிச்சு லேத் வரைக்கும் அதுல பண்ணிப் பாத்துட்டேன், புது டிஸ்க் போட்டது என் மச்சானோட 300டில, அதுக்கும் கூடவே நின்னேன். அந்த அனுபவத்துல சொல்றேன்.

எதுவா இருந்தாலும் முதல்ல அளக்கணும், அதுவும் மைக்ரோமீட்டர்ல. வெர்னியர் வச்சு அளந்தீங்கன்னா டிஸ்க் ஓரத்துல பேட் படாம தேயாம நிக்குற வரப்பு மேலதான் அதோட தாடை உக்காரும், உள்ள 11 மி.மீ. இருக்கற டிஸ்க் புதுசு மாதிரி 12.5 காட்டும், நம்பி ஏமாந்துடுவோம். இந்த வண்டியோட முன் டிஸ்க் புதுசுல 12.6 மி.மீ., 10.6க்கு கீழ போனா தூக்கிப் போடணும். ஆக மொத்தமா தேய்க்க இருக்கறதே 2 மி.மீ.தான், ஒரு பக்கத்துக்கு ஒண்ணு. சுத்தி எட்டு இடத்துல அளந்து எழுதி வச்சுக்கோங்க. எட்டுக்கும் நடுவுல 0.02 மி.மீ. வித்தியாசம் வந்தாலே கால்ல தெரிய ஆரம்பிச்சிடும்.

இன்னொண்ணு, உதறல்னு சொன்ன உடனே மெக்கானிக் "டிஸ்க் பெண்டு சார்"னு சொல்லிடுவாரு. பெரும்பாலும் பெண்டு கிடையாது. டிஸ்க் ஹப்புல (சக்கரம் மாட்டற நடுப்பாகம்) துளி கோணலா உக்காந்திருக்கும், பிரேக் மிதிக்காதப்பவும் ஒவ்வொரு சுத்துக்கும் ஒரே இடம் பேடை உரசிட்டுப் போகும், சில ஆயிரம் கிலோமீட்டர்ல அந்த இடம் மட்டும் மெலிஞ்சிடும், அதைத்தான் நம்ம காலு பிடிக்குது. இது புரிஞ்சாத்தான் எது எதுக்கு மருந்துன்னு புரியும்.

உப்புத்தாள் வைத்தியம் ரெண்டே விஷயத்துக்கு. ஒண்ணு, பேட் பளபளன்னு கண்ணாடி மாதிரி மெழுகிட்டு பிரேக் பிடிக்காம இருக்கறது. இன்னொண்ணு, மழைக்காலம் பூரா கவர் போட்டு நிறுத்திட்டு எடுத்தா டிஸ்க் மேல பேட் வடிவத்துலயே துரு அச்சு விழுந்திருக்கும், கடற்கரைப் பக்கம் குடியிருக்கறவங்களுக்கு நல்லாவே தெரியும். 120 நம்பர் தாள் எடுத்து ஒரே பக்கமா இழுக்காம குறுக்கும் நெடுக்குமா தேச்சு, சோப்புத் தண்ணியில கழுவினா போதும். ஒரு நாள் மழையில வர்ற ஆரஞ்சுத் துருவுக்கு அதுவும் வேணாம், நாலு தடவ பிரேக் மிதிச்சா தானா போயிடும். ஆனா துரு குழி விழுந்துட்டா, இல்ல உதறல் இருந்தா, உப்புத்தாள் போட்டு நேரத்தை வீணாக்காதீங்க.

லேத்துக்கு வருவோம், இங்கதான் எனக்கு சொல்ல நிறைய இருக்கு. இந்த வண்டில முன் டிஸ்க் ஹப்புக்கு உள்பக்கமா அஞ்சு ஆலன் போல்ட்ல மாட்டியிருக்கும், ஹப்பைக் கழட்டாம டிஸ்க் வராது. முதல் தடவ நான் டிஸ்கை மட்டும் பிரிச்சு ஒரு பட்டறைல கொடுத்தேன், அவங்க லேத்தோட பிடியான சக்ல கவ்வி ஒரு பக்கம் கடைஞ்சு, திருப்பிப் போட்டு மறுபக்கம் கடைஞ்சு கொடுத்தாங்க, பாக்க வெள்ளி மாதிரி மின்னுச்சு. மாட்டி டயல் கேஜ் (ஆட்டத்தை அளக்குற முள்ளு மீட்டர்) வச்சு சுத்தினா ஓரத்துல 0.18 மி.மீ. ஆட்டம், கடையறதுக்கு முன்னாடி இருந்ததை விட மோசம், 0.1க்குள்ள இருந்தாத்தான் சரி. மனசு விட்டுப் போச்சு.

அப்புறம் வேற ஒரு லேத்துக்காரர், வயசானவர், கையில வாங்கிப் பாத்த உடனே சொன்னாரு, "தம்பி, ஹப்போட சேத்துக் கொண்டா, பேரிங் கப்பு உக்காந்திருக்குல்ல, அதுதான் இதுக்கு சென்டரு"ன்னு. ஹப்போட சேத்து போல்ட்டை முறுக்கிக் கொடுத்தேன். பேரிங் உருளுற அந்த வளையக் கப்புக்குள்ள உக்காருற மாதிரி ஒரு மேண்ட்ரல் (தாங்கு தண்டு) கடைஞ்சு, அதுல மாட்டி, கழட்டாமலே ரெண்டு பக்கமும் ஒரே செட்டிங்ல எடுத்தாரு. அந்த டிஸ்க் ரோட்டுல எதை மையமா வச்சு சுத்துதோ அதையே மையமா வச்சு லேத்துலயும் சுத்துச்சு, அவ்வளவுதான் விஷயம். மாட்டிப் பாத்தா 0.03. கணக்கும் சொல்றேன், 11.7 இருந்தது, பக்கத்துக்கு கால் மி.மீ. போக 11.2, எல்லைக்கு இன்னும் 0.6 மிச்சம். செலவு புது டிஸ்க்ல ஒரு பங்குதான். டபிள்யூ123 முன்சக்கரத்துக்கு, தடிமன் இருந்தா, நான் இதுக்குத்தான் ஓட்டு போடுவேன்.

வண்டியிலயே மெஷினை மாட்டி கடையற முறையும் இருக்கு, ஹப்பு அழுத்தி ஏத்தின முன்சக்கர டிரைவ் வண்டிகளுக்கு அருமையான வழி. நமக்கு ஹப்பு சுலபமா வந்துடறதால அதைத் தேடி அலைய வேண்டியதில்ல.

லேத் உதவாத இடமும் இருக்கு. மச்சான் வண்டில டிஸ்க் மேல நீலமா திட்டுத் திட்டா இருந்தது, நகத்தால தடவினாலே மேடு தெரியும். அதிக சூட்டுல அந்த இடத்து வார்ப்பிரும்பு இறுகி கல்லு மாதிரி ஆயிடும், லேத் டூல் அது மேல வந்தா எகிறும், கடைஞ்சாலும் பக்கத்து இடம் சீக்கிரம் தேஞ்சு திட்டு மறுபடி தலை தூக்கும். அங்க புதுசு தவிர வேற யோசனையே வேணாம். விரிசல், ஆழமான பள்ளம், கடைஞ்சா 11க்கு கீழ போற தடிமன் (10.6 கடைசி எல்லை, அதுக்கு மேல கொஞ்சம் மிச்சம் வேணும்), இதுக்கும் அதே பதில்தான்.

புதுசு வாங்கினா ஜோடியாத்தான் வாங்கணும். ஆட்டே, பிரெம்போ, சிம்மர்மேன் இன்னமும் இந்த வண்டிக்கு போடறாங்க. பேர் தெரியாத டப்பால வர்ற மலிவு சரக்கு மச்சானுக்கு முதல்ல வந்துச்சு, மாட்டின அன்னைக்கே டயல் கேஜ்ல 0.15, திருப்பிக் கொடுத்துட்டோம். ஆனா டிஸ்கை குறை சொல்றதுக்கு முன்னாடி ஹப்பு முகத்தை கம்பி பிரஷ் போட்டு சுத்தம் பண்ணுங்க, அங்க தலைமுடி தடிமனுக்கு துரு ஒட்டியிருந்தாலும் டிஸ்க் ஓரத்துல அது பெருசாத்தான் காட்டும். மேல பூசி வர்ற எண்ணெயை பிரேக் கிளீனர்ல துடைச்சுட்டுத்தான் பேட் மாட்டணும்.

பின் டிஸ்க் பத்தி ரொம்ப யோசிக்காதீங்க, அது மெலிசு, கடைய இடம் கம்மி, கழட்டறதும் லேசு, மாத்திடுங்க.

கடைஞ்சாலும் மாத்தினாலும் காலிப்பரை (பேடை டிஸ்க் மேல அழுத்துற பாகம்) விட்டுடாதீங்கன்னு கெஞ்சியே கேட்டுக்கறேன். ஒரு பக்க பேட் மட்டும் தேஞ்சிருந்தா பிஸ்டன் இறுகியிருக்கு, ரப்பர் ஹோஸ் உள்ள ஊதி அடைச்சிருந்தாலும் மிதிச்ச பிரேக் விடாது, அந்த சூட்டுல நேத்து போட்ட டிஸ்கும் நீலமாயிடும். டாட் 4 பிரேக் ஆயில் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்துங்க, அது காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சிக்கும். ஹப்பை திருப்பி மாட்டும்போது பேரிங் ஆட்டம் 0.01ல இருந்து 0.02 மி.மீ.க்குள்ள வைக்கணும், கண் மட்டத்துல முறுக்காதீங்க.

பேட் கண்டிப்பா புதுசு. புது பேட் டிஸ்கோட படியறதுக்கு, காலியான ரோட்டுல மணிக்கு 60 கி.மீ.ல இருந்து 15 வரைக்கும் பத்து தடவ வேகத்தை இறக்கி, முழுசா நிறுத்தாம, நடுவுல ஆற விட்டு ஓட்டினேன். இப்போ இடது 11.2, வலது 11.15, உதறல் இல்ல. அடுத்த பேட் மாத்தும்போது அளந்து பாத்து 11க்கு கீழ வந்திருந்தா இந்த தடவ லேத்துக்கு போகாம நேரா புது ஜோடிதான்.