பாட்டுக் கட்டப் படிக்க: மருதனார்மடமா, சென்னையா, லிவர்பூலா?

உயர்தரப் பெறுபேறு வெளியான கிழமையில் அக்காவின் மகள் தன் முடிவை வீட்டில் அறிவித்தாள். பாட்டு எழுதவும், மெட்டமைக்கவும், அதைத் தானே ஒலிப்பதிவு செய்து வெளியிடவும் அவள் பல்கலைக்கழகத்தில் முறையாகப் படிக்க வேண்டுமாம். வெள்ளவத்தையில் ஒரு சிறிய ஒலிப்பதிவு அறையை வைத்துப் பிழைக்கிறவன் என்பதால், எங்கே அனுப்புவது என்ற கேள்வி என் தலையில் வந்து விழுந்தது. உள்நாட்டு அரச பல்கலைக்கழகம், சென்னை, இங்கிலாந்து ஆகிய மூன்றையும் எடைபோட்டுப் பார்த்ததில் எனக்குத் தட்டுப்பட்டதை இங்கே எழுதுகிறேன்.

செலவில் உள்நாட்டுக்கு நிகரில்லை. அரச பல்கலைக்கழகங்களில் கற்பித்தலுக்குக் கட்டணம் கிடையாது. தமிழில் இசை படிக்க யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருதனார்மட வளாகமும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் கல்லடியில் இயங்கும் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகமும் இருக்கின்றன. கொழும்பு 7 இல் 2005 ஆம் ஆண்டு முதல் கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம் இருந்தாலும், அங்கே ஹிந்துஸ்தானி இசைக்கும் மேலைத்தேய இசைக்குமே முதன்மை. மருமகள் உயர்தரத்தில் கர்நாடக சங்கீதத்தை ஒரு பாடமாக எடுத்திருந்ததால், பல்கலைக்கழக அனுமதிக்கான இசெட் புள்ளியோடு செயன்முறைத் தேர்விலும் தேறினால் மருதனார்மடத்துக் கதவு அவளுக்குத் திறக்கும். நான்கு வருடம் வாய்ப்பாட்டும் லயமும் பழகியவரின் காதை எந்த மென்பொருளாலும் தர முடியாது. ஆனால் டிரம்ஸ் செட்டுக்கு எத்தனை மைக் வைப்பது, பாடலின் உரிமையை ஒப்பந்தத்தில் எப்படிக் காப்பது போன்றவை அந்தப் படிப்பின் நோக்கத்திலேயே இல்லை. மேடைக் கச்சேரிக்கும் ஆசிரியத் தொழிலுக்கும் ஆளைத் தயார்செய்வதே அதன் மரபு.

இங்கிலாந்தில் நிலைமை நேர்மாறு. பீட்டில்ஸ் குழுவின் பவுல் மெக்கார்ட்னி படித்த பழைய பாடசாலைக் கட்டடத்தில் 1996 இல் திறக்கப்பட்ட லிவர்பூல் நிகழ்கலை நிறுவனம் போன்ற இடங்களில் வெகுசன இசையே பாடம். மூன்று வருடப் பட்டத்தில் இசைக்குழுவாக ஒத்திகை, பாடலாக்கம், ஒலிப்பதிவு, பதிந்த ஒலிகளைக் கலந்து சீராக்கும் மிக்சிங், பதிப்புரிமை என்று எல்லாம் சேர்ந்து வரும். இவற்றுள் பெறுமதியானது கருவிகள் நிறைந்த ஸ்டூடியோ என்றுதான் பெற்றோர் நினைக்கிறார்கள். என் எண்ணம் வேறு. அரைகுறைப் பாட்டோடு வாரந்தோறும் வகுப்புக்குப் போய், பத்துப் பேர் முன்னால் அதைப் பாடி, பல்லவி ஏன் மனதில் நிற்கவில்லை என்று கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்டு திரும்பும் பழக்கம்தான் அங்கே காசுக்குரிய பொருள்.

அந்தக் காசோ சின்னக் காசு அல்ல. வெளிநாட்டு மாணவரின் ஒரு வருடக் கட்டணத்தில் என்னுடைய அறையைப் போல ஒன்றுக்கு மேற்பட்ட அறைகளைக் கட்டி, ஏசியும் பூட்டிவிடலாம் (எனக்கு ஏசி இன்னும் கனவுதான், பாடும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு எல்லோரும் வியர்த்துக்கொண்டு நிற்கிறோம்). முகவர்கள் வாய் திறக்காத இன்னொரு சங்கதியும் உண்டு. பிரித்தானிய மாணவர் விசாவில் தவணைக் காலத்தில் பட்ட மாணவர் வாரத்துக்கு 20 மணித்தியாலம் வேலை செய்யலாம் என்றாலும், சுயதொழில் செய்யவோ தொழில்முறைக் கலைஞராக வேலை பார்க்கவோ அனுமதி இல்லை. சனிக்கிழமை இரவுகளில் பாடி உழைத்துக் கட்டணத்தைச் சமாளிக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர், கடைசியில் சுப்பர் மார்க்கெட்டில் பெட்டி அடுக்கித்தான் சமாளிக்க வேண்டியிருக்கும்.

சென்னை இரண்டுக்கும் இடைப்பட்டது. ஏ. ஆர். ரஹ்மான் 2008 இல் தொடங்கிய கே. எம். இசைக் கல்லூரியில் மேலைத்தேய இசை, ஹிந்துஸ்தானி, இசைத் தொழில்நுட்பம் ஆகியவை ஒரே கூரையின் கீழ் கிடைக்கின்றன. விமானத்தில் ஒன்றரை மணித்தியாலத்தில் வீட்டுக்கு வந்துவிடவும் முடியும். திரையிசைக்குக் கீபோர்ட் வாசிக்கவோ ஒலிப்பொறியாளராகவோ விரும்புகிறவருக்கு அந்த ஊரை விடப் பொருத்தமான இடம் இல்லை. ஆயினும் டிப்ளோமா வேறு, பட்டம் வேறு. பின்னாளில் இங்கே பட்டதாரி ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், கையில் கிடைக்கப்போவது எது, அதை வழங்குவது யார், அவர்களைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்பவற்றைப் பணம் கட்டுமுன் பார்த்துவிட வேண்டும்.

மருமகளின் பாட்டு ஒன்றை ஒலிப்பதிவு செய்தபோதுதான் எனக்கு விடை தெளிந்தது. 'மனம்' என்ற சொல்லின் முதலெழுத்து நீண்ட சுரத்தில் விழுந்ததால், கேட்கிறவர் காதில் அது 'மானம்' ஆகிவிட்டது. அடுத்த அடியில் 'விடு' என்பது 'வீடு' ஆகி, காதலனைப் போகச் சொன்ன பெண் அவனை வீட்டுக்கு அழைப்பது போலாயிற்று. குறிலும் நெடிலும் பொருளையே மாற்றும் மொழியில் மெட்டமைப்பவர் இதைக் கவனிக்காவிட்டால் பாட்டு கெட்டுவிடும். லிவர்பூலில் அவளுக்கு வாய்க்கும் ஆசிரியர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்தப் பிழை அவர் காதில் விழாது. அந்த மெட்டை அவர் பாராட்டவும் கூடும். பல்லவியும் சரணமும் பாடிப் பழகிய தமிழ் ஆசிரியர் ஒரு தடவை கேட்டதும் கையை உயர்த்திவிடுவார். சென்னையிலும் அந்தக் காது உண்டு. ஆனால் அங்குள்ள திரைப்பாட்டின் தமிழ், பைலா என்ற இலங்கை ஆட்டப்பாட்டின் தாளத்தோடு யாழ்ப்பாணப் பேச்சைச் சேர்த்து நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய பொப்பிசையின் தமிழ் அல்ல. மருமகள் எழுதுவதோ அந்தப் பேச்சில்தான்.

ஆகவே ஒலிப்பொறியியலே குறி என்றால் பணம் உள்ளவர் இங்கிலாந்துக்கும், அவ்வளவு இல்லாதவர் சென்னைக்கும் போகட்டும். தமிழில் பாட்டெழுதுவதே குறி என்றால் மருதனார்மடம்தான் என் தெரிவு. விடுமுறைகளில் என் அறையில் வந்து மைக்கையும் மிக்சிங்கையும் பழகலாம். பட்டம் முடிந்த பிறகும் இங்கிலாந்து ஆசை தீராவிட்டால், அங்கே முதுகலைப் படிப்பு பெரும்பாலும் ஒரு வருடம்தான். மூன்று வருடக் கட்டணம் ஒன்றாகக் குறைவதோடு, வகுப்பில் போட்டுக் காட்டக் கையில் பாட்டுகளும் இருக்கும்.

"அப்ப நாலு வருஷம் நான் பாட்டு வெளியிடக் கூடாதா, மாமா?" என்று கேட்டாள். யார் அப்படிச் சொன்னது? 'மனம்' இருந்த அடியை மட்டும் மாற்றி, அடுத்த சனிக்கிழமை மறுபடி ஒலிப்பதிவுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.