பெட்ரோல் பங்க்கில் தொடங்குகிற துக்கம்: சீமேட்டின் ‘யூரோ-கன்ட்ரி’

ஐரிஷ் பாடகி சீமேட்டின் ‘யூரோ-கன்ட்ரி’ இசைத்தட்டு வந்த அன்று மழை. கூரியர்காரர் பெட்டியைக் கதவுக்கு வெளியே சாய்த்துவிட்டுப் போயிருந்தார். நைட் டியூட்டி முடிந்து வந்து பிரித்தால், அட்டையின் ஒரு மூலை நமத்த அப்பளம். 32 யூரோ! வயிறு எரிந்தது. அப்புறம் அட்டைப்படத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு ஷாப்பிங் சென்டர் நீரூற்றுக்குள்ளிருந்து பாடகி எழுந்து வருகிறார். பிரெஞ்சு ஓவியர் ஜெரோம் வரைந்த ‘கிணற்றிலிருந்து எழும் உண்மை’யைத்தான் அப்படி ஆக்கியிருக்கிறார்கள். உண்மை எழுந்து வருவதற்கு இப்போது கிணறு ஏது, மால்தானே இருக்கிறது. ஈரமூலை அந்தப் படத்துக்குப் பொருத்தமாகவே இருந்ததால் திருப்பி அனுப்பவில்லை.

சீமேட் (CMAT) என்பது கீரா (Ciara) மேரி-ஆலிஸ் தாம்ப்சனின் முதலெழுத்துகள். எழுத்தைப் பார்த்து நான் ‘சியாரா’ என்று வாசித்தபோது, எங்கள் வார்டில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற, அயர்லாந்தின் மொனகன் கவுன்ட்டிக்காரர் “கீரா, கீரா” என்று திருத்தினார். சீமேட் 1996இல் பிறந்தவர், மீத் கவுன்ட்டியின் டன்பாய்னில் வளர்ந்தவர். நான் குடியிருக்கும் பக்கத்திலிருந்து 70ஆம் நம்பர் பஸ் ஏறினால் அந்த ஊர்தான். காலையில் டப்ளினுக்கு வேலைக்குப் போய் இரவு தூங்க மட்டும் திரும்புகிறவர்களின் ஊர். போய்ப் பார்க்க ஒன்றுமில்லை, போய்ப் பார்த்தேன்.

விமர்சகர்கள் இவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடுகிறார்கள். 2022இல் வந்த முதல் ஆல்பம் அயர்லாந்தில் முதலிடம் பிடித்தது, அந்த ஆண்டின் சிறந்த ஐரிஷ் ஆல்பத்துக்கான சாய்ஸ் பரிசையும் வாங்கியது. 2023இன் ‘கிரேஸிமேட், ஃபார் மீ’ பிரிட்டன், அயர்லாந்து ஆல்பங்களுக்கான மெர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியலில் இருந்தது. 2025 ஆகஸ்ட் கடைசியில் வந்த இந்த மூன்றாவதும் அப்படியே. இரண்டு முறையும் பரிசு வேறு ஆளுக்கு. 2025இல் விழா நியூகாசிலில் நடந்தது, அந்தப் பக்கத்துப் பையன் சாம் ஃபெண்டருக்கே கிடைத்தது. அதில் எனக்கு வருத்தமில்லை.

என் சண்டை வேறு. பாராட்டுகிறவர்கள் எல்லோரும் கிறுக்கு, குறும்பு, நகைச்சுவை என்றே ஆரம்பிக்கிறார்கள். மதிப்பெண்ணைச் சரியாகப் போட்டுவிட்டு விடைத்தாளைப் பாதிதான் படித்திருக்கிறார்கள். தப்பு அவர்கள் மேல் மட்டுமில்லை. ‘தி ஜேமி ஆலிவர் பெட்ரோல் ஸ்டேஷன்’ என்று பாட்டுக்குப் பெயர் வைத்தால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? கச்சேரிகளுக்காக நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டே இருக்கும்போது, பெட்ரோல் பங்க்குகளில் ஜேமி ஆலிவர் என்ற அந்த பிரிட்டிஷ் டிவி சமையல்காரரின் பெயர் போட்ட கடையைப் பார்த்தாலே இவருக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வருகிறது. அவ்வளவுதானா என்று நினைக்கும்போதே, எனக்கு ஒரு கெடுதலும் செய்யாத ஒரு மனிதன்மேல் எனக்கென்ன இத்தனை வெறுப்பு என்று பாட்டு தன் பக்கமே திரும்பிக் கடிக்கிறது. எங்கள் ஊரில் ஒப்பாரி வைக்கிற கிழவிகள் செத்தவனை நாலு வார்த்தை ஏசிவிட்டுத்தான் அழுவார்கள். கூட்டம் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த அடி விழும். இவர் செய்வதும் அதுதான்.

தலைப்புப் பாட்டில் அந்த அடி பலமாகவே விழுகிறது. ஐரிஷ் மொழியில் சில வரிகளோடு மெதுவாகத் தொடங்கும். (பிபிசி வானொலியில் முதல் தடவை வந்தபோது அந்த வரிகள் இல்லை. பெரிய சச்சரவானது. வெட்டியது தன் முடிவல்ல என்று பாடகியே சொல்ல வேண்டியிருந்தது. அந்த வரிகள் இல்லாமல் கேட்டால் வாசல் இல்லாத வீடு மாதிரி இருக்கும்.) பிறகு தாளம் ஏறும், 1997 முதல் 2008 வரை அயர்லாந்தின் பிரதமராக இருந்த பெர்ட்டி ஏஹர்னின் பெயர் வரும், கை தட்டத் தோன்றும். அந்த உற்சாகத்தின் நடுவில்தான், தனக்குப் பன்னிரண்டு வயதானபோது சுற்றிலும் அப்பாக்கள் தற்கொலை செய்துகொள்ளத் தொடங்கியதைச் சொல்கிறார். குரல் உடையவில்லை, இசையும் நிற்கவில்லை. மெட்டு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது.

2008இல் இங்கே வீட்டுக் கட்டுமானம் சரிந்தது. அந்த செப்டம்பர் கடைசியில் அரசு வங்கிகளின் கடனுக்குப் பொறுப்பேற்றது. 2010இல் ஐஎம்எஃப்பும் ஐரோப்பிய ஒன்றியமும் சேர்ந்த 85 பில்லியன் யூரோ மீட்புத் திட்டம் வந்தது. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் முடிக்கப்படாத வீட்டுக் காலனிகள் மட்டும் 2,800க்கு மேல். கொத்தனார், பூச்சுக்காரர், எலக்ட்ரீஷியன் என்று நிறைய அப்பாக்களின் பிழைப்பு அந்த வீடுகளுக்குள்தான் இருந்தது. யூரோ புழங்குகிற நாடு, கன்ட்ரி இசை இரண்டும் ஆல்பத்தின் பெயரில் மோதிக்கொள்வது வார்த்தை விளையாட்டுக்காக மட்டுமில்லை.

கன்ட்ரி என்றதும் லண்டன் பத்திரிகைகள் அந்த இசையின் அமெரிக்கத் தலைநகரான நாஷ்வில்லுக்கு ஓடிவிடுகின்றன. அயர்லாந்தின் கிராமப்புறத்தில் ‘கன்ட்ரி அண்ட் ஐரிஷ்’ என்று தனி ஜாதியே உண்டு. ஹாலில் ஜோடி ஜோடியாக ஜைவ் ஆடுவதற்கான இசை. மொனகனின் காசில்பிளேனியில் அதன் ராஜா பிக் டாமுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். டப்ளின் ஆட்களுக்கு அது பட்டிக்காட்டு இசை, வாய்விட்டே கேலி செய்வார்கள். சீமேட்டின் ஃபிடிலும் ஸ்டீல் கிட்டாரும் எனக்கு அந்த ஹால் பக்கத்திலிருந்தே வருகின்றன. ‘வென் எ குட் மேன் க்ரைஸ்’ கேளுங்கள். ஆடத் தோன்றுகிற பாட்டுக்குள் ‘கீரியே எலெய்சோன்’ என்று கத்தோலிக்கப் பூசை மன்றாட்டு நுழைகிறது. பாரிஷ் ஹாலும் கோயிலும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கிற ஊரில் வளர்ந்தவருக்குத்தான் இது இயல்பாக வரும்.

குறையும் உண்டு. பன்னிரண்டு பாட்டில் ‘ஐஸ்பர்க்’ எனக்கு இழுவை. ‘ட்ரீ சிக்ஸ் ஃபாய்வ்’ கச்சேரியில் கூட்டத்தோடு கேட்டால் எடுபடலாம், வீட்டில் ஊசியைத் தூக்கி அடுத்ததற்கு நகர்த்திவிடுகிறேன். ‘டேக் எ செக்ஸி பிக்சர் ஆஃப் மீ’ அதன் நடன அசைவுகளால் இணையத்தில் பரவியது. தன் உடம்பைப் பற்றி வந்த கேவலமான கமெண்டுகளிலிருந்து பிறந்த பாட்டு அது என்பது அந்த ஆட்டத்தில் காணாமல் போய்விட்டது. நல்ல பாட்டுதான், ஆனால் இதை மட்டும் கேட்டுவிட்டு இவரை முடிவு பண்ணாதீர்கள். இறந்துபோன நண்பருக்காக எழுதிய ‘லார்ட், லெட் தட் டெஸ்லா க்ராஷ்’ ஒன்றுக்கே 32 யூரோவும் சரியாகிவிட்டது.

மொனகன்காரரிடம் ஒரு நாள் விடிகாலை நாலு மணிக்கு, ஸ்டாஃப் ரூமில், தலைப்புப் பாட்டைப் போட்டு இயர்போனின் ஒரு பக்கத்தைக் கொடுத்தேன். சிலை வைத்த ஊர்ப்பக்கத்து ஆள், பெரிய ஜைவ் பிரியர். முதலில் காலால் தாளம் போட்டார். அந்த அப்பாக்கள் வரியில் கால் நின்றது. முடிந்ததும், “இதுக்கு ஜைவ் ஆட முடியாதும்மா” என்றார். ஸ்ட்ரெச்சர் தள்ள வருவதற்கு முன்னால், 2009 வரை, அவர் சுவர்ப்பூச்சு வேலை பார்த்தவர் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, பாட்டை மறுபடி முதலிலிருந்து வைக்கச் சொன்னார்.