முள் 200-இல் நின்றதை நான் கவனிக்கவில்லை: படகுக்கு வாட்டர்மேக்கர் வாங்குபவர்கள் கவனத்துக்கு

மலேசியாவின் லங்காவித் தீவில் படகு கட்டியிருக்கும் நம்மவர்களுக்கும், படகு வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரத்தை இங்கே எல்லாரும் வாட்டர்மேக்கர் என்றுதான் சொல்வார்கள். 18,500 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்து அதைப் பொருத்திக்கொண்டு, கரை தெரியாத கடலில் டாங்கியில் உப்புத் தண்ணீரோடு நின்றோம், நானும் என் வீட்டுக்காரரும். பொருத்தியவர் பெயரைச் சொல்லப்போவதில்லை, அவர்மீது கொடுத்த மனு விசாரணைக்கு வரவிருக்கிறது. ஆனால் எப்படி ஏமாந்தோம் என்பதை ஒன்று விடாமல் சொல்கிறேன். இதே வித்தையை இன்னொரு படகில் இன்னொருவர் செய்துவிடக் கூடாது.

எங்களுடையது 38 அடி பழைய ஃபைபர் பாய்மரப் படகு. வீட்டுக்காரர் பட்டர்வொர்த்தில் வேலை ஓய்வு பெற்ற பிறகு வாங்கியது. பாய், எஞ்சின், வரைபடம் எல்லாம் அவர் பொறுப்பு. சமையல், சாமான், தண்ணீர் என் பொறுப்பு. படகில் இரண்டு டாங்கி, ஒவ்வொன்றிலும் 150 லிட்டர். பாத்திரத்தைக் கடல்நீரில் தேய்த்து, கடைசியில் ஒரு கோப்பை நல்ல தண்ணீரில் அலசி, குளியலையும் அதே முறையில் முடித்தால் இரண்டு பேருக்கு நாளைக்கு 15 லிட்டர் போதும். லங்காவியிலிருந்து இலங்கையின் காலித் துறைமுகம் 1,100 கடல் மைலுக்கு மேல். வடகிழக்குப் பருவக்காற்று நன்றாக வீசினால் பத்து நாள், காற்று விழுந்தால் பதினைந்து நாள். அந்தப் பயணத்துக்கு மட்டும் என்றால் இருக்கிற டாங்கியே போதும். எங்களுக்கு அங்கிருந்து மாலத்தீவு வரை போக ஆசை. மாலே நகரமே கடல்நீரைச் சுத்திகரித்துத்தான் குடிக்கிறது, சின்னத் தீவுகளில் படகுக்காரர்களுக்கு யார் தண்ணீர் தரப்போகிறார்கள்? அதனால்தான் இயந்திரம் வைக்க முடிவு செய்தோம்.

படகுகளைக் கட்டி வைக்கும் மரினாவில் ஒருவர் சொல்லி அந்த மெக்கானிக் வந்தார். தமிழ்ப் பிள்ளை. படகில் கால் வைக்கும்போதே செருப்பைக் கழற்றிவிட்டு, "வணக்கம் அண்ணே, வணக்கம் அக்கா" என்றார். எங்கள் மனம் அங்கேயே இளகிவிட்டது. மணிக்கு 70 லிட்டர் வரும், மெம்பிரேன் (உப்பைப் பிரிக்கும் சவ்வு உருளை) புத்தம் புதுசு, பம்பின் தலை 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், "ஏ-ஒன் சாமான் லா அக்கா" என்றார். முன்பணம் 10,000, பொருத்தி ஓட்டிக் காட்டியதும் மீதி 8,500 என்று பேச்சு. எல்லாம் ரொக்கம். ரசீது கேட்டதற்கு வெள்ளைத்தாளில் "வாட்டர்மேக்கர் 1 செட்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கம்பெனி முத்திரை இல்லை. பதிவு எண் இல்லை. மெம்பிரேனின் சீரியல் எண் இல்லை. அன்றைக்கு அதை நான் கேட்டிருக்க வேண்டும்.

ஓட்டிக் காட்டிய நாள்தான் முக்கியம். படகு மரினாவில் கட்டியபடி இருந்தது. "துறைமுகத் தண்ணியில டீசல் மிதக்கும் அக்கா. எண்ணெய் பட்டா மெம்பிரேன் போயிடும். அதனால அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஓட்ட மாட்டேன்" என்றார். எண்ணெய் பட்டால் மெம்பிரேன் கெடும் என்பது முழு உண்மை. விஷயம் தெரிந்த பிள்ளை, நம் பொருளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறது என்று நம்பினேன். அவர் மேல்தளத்தில் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றார், நான் கீழே கைபேசியில் வீடியோ எடுத்தேன், மகளுக்கு அனுப்பலாமென்று. இயந்திரம் உறுமியது. ஒரு நிமிடத்தில் ஒரு லிட்டர் ஜாடி ஏறக்குறைய நிறைந்தது. அந்தப் பிள்ளை இறங்கி வந்து, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் மீட்டரை முக்கினார். லிட்டருக்கு 11 மில்லிகிராம் என்று காட்டியது. "பாருங்க அக்கா, போத்தல் தண்ணியைவிடச் சுத்தம்." குடித்தும் பார்த்தேன், இனிப்பாக இருந்தது. மீதி 8,500-ஐ அங்கேயே எண்ணிக் கொடுத்தோம்.

ஜனவரி மாதம் கிளம்பினோம். "அக்கா, ஒரு டாங்கி காலியாகவே போங்க, கனம் குறையும், கடல்ல பிடிச்சுக்கலாம்" என்று அவர் சொல்லியிருந்தார். அதையும் கேட்டோம். இடது டாங்கி நிறைய, வலது டாங்கி காலி.

இரண்டாம் நாள் மதியம், தண்ணீர் கருநீலமாக இருந்த இடத்தில் இயந்திரத்தைப் போட்டேன். குழாயில் ஒரு சொட்டு வரவில்லை. அழுத்தக் குமிழைத் திருகத் திருக அழுத்தமானியின் முள் ஏறியது, 400 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தை அளக்கும் அலகு) தாண்டிய பிறகுதான் மெல்லிய நூல்போலத் தண்ணீர் விழுந்தது. 800 வரை ஏற்றியபோது முள் நடுங்க ஆரம்பித்தது, பம்பின் தலையில் மூலையோரமாக உப்புநீர் கசிந்தது. ஏதோ ஆரம்பக் கோளாறு, போகப்போகச் சரியாகும் என்று இரண்டு மணி நேரம் ஓட விட்டேன். வலது டாங்கியில் கிட்டத்தட்ட 60 லிட்டர் சேர்ந்தது. மாலையில் அந்தத் தண்ணீரில் டீ போட்டேன். பால் திரிந்துபோனதோ என்று வீட்டுக்காரர் கேட்டார். நான் ஒரு வாய் குடித்தேன். உப்பு.

என்னிடம் முன்பே வாங்கி வைத்த பேனா அளவிலான, அதேபோல உப்பளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று உண்டு. 2,300 காட்டியது. 600-க்குள் இருந்தால் நல்ல ருசி, 1,000-ஐத் தாண்டினால் குடிக்கப் பிடிக்காது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. எங்களைக் காப்பாற்றியது ஒரே ஒரு பழக்கம். இரண்டு டாங்கிகளுக்கும் நடுவில் இருக்கும் வால்வை நான் எப்போதும் மூடியே வைப்பேன். அது திறந்திருந்தால் இடது டாங்கியின் நல்ல தண்ணீரும் நாசமாகியிருக்கும். இதை மட்டும் எல்லாரும் பிடித்துக்கொள்ளுங்கள்: புது இயந்திரத்துத் தண்ணீரை, அளந்து பார்க்காமல், குடிக்கிற டாங்கியில் ஒரு சொட்டுகூட விடாதீர்கள்.

காலிக்கு இன்னும் ஆயிரம் மைல் இருந்தது. போகலாம், தண்ணீர் போதும் என்றார் அவர். நான் ஒப்பவில்லை. சுமத்ராவின் வடமுனைக்கு அப்பால் வே தீவு இருக்கிறது, அதில் சபாங் துறைமுகம். மூன்றாம் நாள் இரவு அங்கே நங்கூரம் போட்டோம்.

பக்கத்துப் படகில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், வேலைக்காலம் முழுக்கப் பம்புகளோடு மல்லுக்கட்டியவர். மறுநாள் காலை எங்கள் படகுக்கு வந்தார். எதையும் கழற்றும் முன், "பொருத்தியபோது படம் எடுத்தீர்களா?" என்று கேட்டார். வீடியோவைக் காட்டினேன். பாதியில் நிறுத்தி, விரலால் பெரிதாக்கினார். அழுத்தமானியின் முள் 200-இல் நிற்கிறது. அதற்குக் கீழே, தண்ணீர் உள்ளே வரும் மும்முனை வால்வின் சிவப்புக் கைப்பிடி, கடல் குழாய்ப் பக்கம் இல்லை, எங்கள் டாங்கிக் குழாய்ப் பக்கம் திரும்பியிருக்கிறது. இயந்திரத்தைக் கழுவுவதற்காக வைத்த வழி அது. மரினா குழாயில் நாங்கள் பிடித்து வைத்த நல்ல தண்ணீரையே திரும்ப வடிகட்டிக் காட்டிவிட்டுப் பணம் வாங்கிப் போயிருக்கிறார்.

இது ஏன் அந்த முள்ளிலேயே தெரிந்துவிடுகிறது என்று பெரியவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன். வீட்டில் ஆர்.ஓ. என்கிறோமே, அதே தத்துவம்தான் இது. ஒரு சவ்வுக்கு ஒரு பக்கம் உப்புநீர், மறுபக்கம் நல்ல நீர் என்று சும்மா விட்டால், நல்ல நீர் உப்புப் பக்கம் ஓடும். அதைத் திருப்பித் தள்ளத்தான் அழுத்தம். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அதன் இயற்கையான எதிர்ப்பை வெல்லவே ஏறக்குறைய 27 பார், அதாவது 390 பி.எஸ்.ஐ. வேண்டும். அதற்குக் கீழே எவ்வளவு பெரிய இயந்திரமும் கடல்நீரிலிருந்து ஒரு சொட்டு தராது. நல்ல ஓட்டம் வேண்டுமென்றால் 55 பார், 800 பி.எஸ்.ஐ. வரை போக வேண்டும். 200-இல் ஜாடி நிறைகிறது என்றால் உள்ளே போவது கடல்நீர் இல்லை. மீட்டரில் 11 வந்ததும் அதே கதை. நல்ல மெம்பிரேனிலும் கடல்நீர் ஒருமுறை வடிந்தால் 200 முதல் 400 வரை காட்டும். 11 என்பது நான் மகிழ வேண்டிய எண் இல்லை, பயந்திருக்க வேண்டிய எண்.

பிறகு மெம்பிரேன் இருந்த குழாயின் மூடியைக் கழற்றினார். அழுகிய முட்டை நாற்றம் கேபின் முழுக்க. பயன்படுத்திய மெம்பிரேனை மருந்து போடாமல் மூடி வைத்தால் உள்ளே கிருமி பெருகி இந்த நாற்றம் வருமாம். புதுசு என்று சொன்ன அந்த உருளை பழுப்பேறிக் கிடந்தது. சீரியல் எண் ஒட்டும் இடத்தில் லேபிளைச் சுரண்டி எடுத்த பசை நகத்தில் ஒட்டியது. புது மெம்பிரேன் காற்றுப் புகாத பையில் சீல் போட்டு வரும், அதை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். எங்களுடையதில் இன்னொரு கூத்து, உருளையின் ஒரு முனையில் இருக்கும் ரப்பர் வளையத்தின் வாய் தண்ணீர் வரும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும், அதைத் தலைகீழாகப் போட்டிருந்தார். தண்ணீர் மெம்பிரேனுக்குள் போகாமல் வெளிப்பக்கமாகவே நழுவி ஓடியிருக்கிறது.

கடைசியாகப் பம்பு. தலை முழுக்கச் சாம்பல் நிறப் பெயிண்ட். பெரியவர் பேனாக்கத்தியால் மூலையைச் சுரண்டினார். மஞ்சள் பளபளத்தது. பித்தளை. கார் கழுவும் இயந்திரத்தில் வரும் பம்பு. கசிந்த இடத்தில் மஞ்சள்கூட இல்லை, இளஞ்சிவப்பாகி, கத்தி முனை பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. கடல்நீர் பித்தளையிலுள்ள துத்தநாகத்தைத் தின்றுவிடும், மிஞ்சுவது பஞ்சுபோன்ற செம்புதான். 55 பார் அழுத்தத்தில் அந்தத் தலை வெடித்திருந்தால்? நான் அதற்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து ஜாடி பிடித்துக்கொண்டிருந்தேன்.

சபாங்கிலிருந்து அந்தப் பிள்ளைக்குப் படங்களை அனுப்பினோம். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு வந்த செய்தி: "அக்கா, நீங்க பைப் தண்ணியில கழுவியிருப்பீங்க. அதுல இருக்கிற குளோரின் மெம்பிரேனைக் கெடுத்திருச்சு. அதுக்கு நான் பொறுப்பில்ல." குளோரின் கெடுக்கும் என்பது சரி. லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்கூட இருக்கக் கூடாது என்பதுதான் தயாரிப்பாளர்கள் வைக்கும் வரம்பு. அதனால்தான் கழுவும் தண்ணீர் கார்பன் ஃபில்டர் வழியாகப் போக வேண்டும். எங்கள் வீடியோவில் இரண்டே இரண்டு நீல ஃபில்டர் கூடுதான் இருக்கிறது, 20 மைக்ரான் ஒன்று, 5 மைக்ரான் ஒன்று. கார்பன் ஃபில்டர் அவர் வைக்கவே இல்லை. மரினாவின் குளோரின் தண்ணீரை மெம்பிரேனுக்குள் முதலில் விட்டதும் அவர்தான். அதைச் சொன்னதும் எங்கள் கைபேசி எண்ணை முடக்கிவிட்டார்.

அந்த ஆண்டு காலிக்குப் போகவில்லை. எதிர்க்காற்றில் எஞ்சின் போட்டுக்கொண்டு லங்காவி திரும்பினோம்.

பம்பும் மெம்பிரேனும் வேறு ஒருவரிடம் புதிதாக வாங்கினோம், இன்னொரு 9,000 வெள்ளி. இந்த முறை நான் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: கரையை விட்டு வெளியே, சுத்தமான கடலில் ஓட்டிக் காட்டும் வரை கடைசி 4,000 கிடையாது. அவர் முகம் சுளிக்கவில்லை. இப்படிக் கேட்டால் முகம் சுளிப்பவரிடம் வாங்காதீர்கள். லங்காவியின் தெலாகா துறையிலிருந்து இரண்டு மணி நேரம் வெளியே போனோம். வால்வின் கைப்பிடி கடல் பக்கம் இருக்கிறதா என்று முதலில் நானே தொட்டுப் பார்த்தேன். அழுத்தத்தை மெதுவாக ஏற்றினார். 400 வரை ஒன்றுமில்லை, அதுதான் எனக்கு முதல் நிம்மதி. 800-இல் ஒரு லிட்டர் ஜாடி நிறைய 55 விநாடி. அளவு தெரிந்த கரைசலில் சரிபார்த்து வைத்த என் சொந்த மீட்டரில் முதலில் 900, கொஞ்ச நேரத்தில் 500, பத்து நிமிடத்தில் 310. ஒரு மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டச் சொல்லி, பம்பின் தலையைச் சுற்றி டிஷ்யூ தாள் வைத்துப் பார்த்தேன். காய்ந்தே இருந்தது. பிறகுதான் பணம் கைமாறியது, கம்பெனி ரசீதில் சீரியல் எண்ணோடு.

பழைய ஆள்மீது பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறோம். கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கோரலாம், சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும், வக்கீல் தேவையில்லை. ரொக்கமாகக் கொடுத்து வெள்ளைத்தாள் ரசீது வாங்கியதால் அவர் யார், எங்கே தொழில் செய்கிறார் என்று நிரூபிக்கவே எங்களுக்குப் பாதி அலைச்சல். வாட்ஸ்அப் செய்திகளை அச்செடுத்து வைத்திருக்கிறேன். விசாரணை அடுத்த மாதம். வீடியோவைப் பென்டிரைவில் போட்டாகிவிட்டது. பழைய மெம்பிரேனைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, மூலை சுரண்டிய பம்புத் தலையோடு சாக்குப்பையில் கட்டி, படகின் முன் அறையில் வைத்திருக்கிறோம். அதையும் தூக்கிக்கொண்டுதான் போகப்போகிறோம்.